பிளேடு மட்டும் போதாது

பலகையை ஒரே கனமாக இழைத்துத் தரும் சிறிய பிளேனர் மிஷின் இப்போது சின்னப் பட்டறைகளுக்கும் வந்துவிட்டது. என்னிடம் இருப்பது மகிட்டா 2012என்பி. 304 மில்லிமீட்டர் அகலம் வரை இழைக்கும். எடை சுமார் 28 கிலோ. வாங்குகிறவர்கள் மிஷினுக்குப் பணம் கொடுத்ததோடு நின்றுவிடுகிறார்கள். அதைத் தாங்கும் ஸ்டாண்டையும் பலகையைத் தாங்கும் மேசையையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆறடித் தேக்குப் பலகை ஒன்றை உள்ளே விடுங்கள். பிளேடுக்கு முன்னால் ஒரு ரோலர், பின்னால் ஒரு ரோலர். இரண்டும் பலகையை அடியில் உள்ள தட்டோடு அழுத்தி இழுக்கும். ஆனால் தலைப்பகுதி நுழையும்போது முன் ரோலரின் பிடி மட்டும்தான். வால் வெளியேறும்போது பின் ரோலரின் பிடி மட்டும்தான். அந்த நேரத்தில் வெளியே தொங்கும் பகுதி தன் பாரத்தில் தாழும். உள்ளே இருக்கும் முனை எழும்பும். பிளேடு அங்கே ஆழமாகக் கடித்துவிடும். முனைகளில் இரண்டு மூன்று அங்குலத்துக்குப் பள்ளம் விழுவது இப்படித்தான். முனைக்கு மூன்று அங்குலம் அறுத்துத் தள்ளினால் ஆறடியில் அரையடி போச்சு. தேக்கு விற்கிற விலையில் அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனசு வராது.

இந்த வகை மிஷினில் தட்டு நகராது, பிளேடு உள்ள தலைதான் ஏறி இறங்கும். ஆகவே தாங்கு மேசையின் உயரத்தை ஒருமுறை அமைத்தால் போதும். முக்கால் அங்குலப் பிளைவுட்டில் பக்கத்துக்கு மூன்றடி நீளமாகச் செய்து, மேலே மைக்கா ஒட்டி மெழுகு தேய்த்திருக்கிறேன். பலகை வழுக்கிக்கொண்டு போகும். நேரான அலுமினியச் சட்டத்தைத் தட்டின்மேல் கிடத்தி மட்டம் பாருங்கள். மிஷினை ஒட்டிய விளிம்பு தட்டோடு சமமாக இருக்க வேண்டும். வெளி விளிம்பு ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்கு உயரலாம், தாழவே கூடாது. ஒற்றை ரோலர் தாங்கி எனக்குப் பிடிப்பதில்லை; சற்றே கோணலாக நின்றாலும் பலகையைப் பக்கவாட்டில் இழுத்துவிடும்.

ஸ்டாண்டை ஆங்கிள் இரும்பில், கால்கள் கீழே அகன்று நிற்கும்படி வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். மிஷினைப் போல்ட் போட்டு இறுக்குங்கள். சக்கரம் வைத்தால் பிரேக் உள்ளதாக வையுங்கள்.

இனி பலகை முனையில் பள்ளம் கண்டால், பிளேடைக் கழற்றும் முன் அந்த அலுமினியச் சட்டத்தை எடுத்து மேசையின் மட்டத்தைப் பாருங்கள்.