கொட்டகைக்குள் மண் பாதை: மோட்டோகிராஸ் தொழிலின் வரவு செலவு

தீபாவளிக்கு முன் ஒரு மாதம் ஓடும் வியாபாரத்தை வைத்து ஆண்டு முழுவதும் கடை வாடகை கட்டும் பட்டாசு வியாபாரியின் நிலை நம் வணிகர்களுக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் வட மாநிலங்களில், பனி கொட்டும் நான்கைந்து மாதங்களில் மட்டுமே கல்லா நிறையும் தொழில் ஒன்று உண்டு. பெரிய கொட்டகைக்குள் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி, மேடும் பள்ளமுமாகப் பாதை அமைத்து, மோட்டார் சைக்கிள் ஓட்டக் காசு வாங்குவதுதான் அந்தத் தொழில். கேட்பதற்கு விளையாட்டுக் காரியம் போலத் தோன்றும். கணக்குப் பார்த்தால் நம் மளிகைக் கடையைவிடச் சிக்கலானது.

மோட்டோகிராஸ் என்பது கரடுமுரடான மண் பாதையில், மேடுகளில் வண்டியோடு தாவி ஓட்டும் பந்தயம். 1920களில் இங்கிலாந்தில் தொடங்கி, பிறகு அமெரிக்காவுக்குப் போனது. ஒஹையோ, மிச்சிகன் போன்ற மாநிலங்களில் நவம்பர் முதல் மார்ச் வரை வெளிப்பாதைகள் உறைந்து கிடக்கும். அந்த மாதங்களிலும் வண்டி ஓட்டாமல் இருக்க முடியாதவர்கள்தான் கொட்டகைப் பாதையின் வாடிக்கையாளர்கள்.

இதை ஸ்டேடியங்களில் நடக்கும் சூப்பர்கிராஸ் பந்தயத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 1972 ஜூலையில் லாஸ் ஏஞ்சலீஸ் கொலிசியம் மைதானத்தில் நடந்த பந்தயத்திலிருந்து வளர்ந்த தொழில் அது. அங்கே ஒரு இரவுக் காட்சிக்காக நூற்றுக்கணக்கான லாரி மண்ணைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஆட்டம் முடிந்ததும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். வருமானம் பார்வையாளர் வாங்கும் டிக்கெட்டிலும் விளம்பரத்திலும் இருக்கிறது. கொட்டகைப் பாதையில் பார்வையாளர் குறைவு. ஓட்ட வருபவரே வாடிக்கையாளர். சொந்த வண்டியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து, கட்டணம் கட்டி, ஓட்டிவிட்டுப் போகிறவர்.

விற்பது மணி நேரம்

இந்தத் தொழிலில் சரக்கு என்பது நேரம். விற்காத அரிசி நாளைக்கும் அரிசிதான். விற்காத தக்காளி நாளை மறுநாள் குப்பைக்குப் போகும். செவ்வாய்க்கிழமை மாலை விற்காமல் போன ஒரு மணி நேரமோ அந்த நிமிடமே போய்விடுகிறது. அதற்கான வாடகையும் கூலியும் மட்டும் கணக்கில் நிற்கின்றன.

விளங்கிக்கொள்வதற்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது எந்த ஒரு நிறுவனத்தின் கணக்கும் அல்ல. 60,000 சதுர அடிக் கொட்டகை. சதுர அடிக்கு ஆண்டுக்கு 5 டாலர் வாடகை. வாடகை மட்டும் ஆண்டுக்கு 3 லட்சம் டாலர். காப்பீடு, சூடேற்றுவது, மின்சாரம், ஆள் கூலி, மண் வேலைக்கான லோடர் வண்டி எல்லாம் சேர்த்து 1 லட்சத்து 80 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4 லட்சத்து 80 ஆயிரம். ஓட்டம் உள்ள காலம் 20 வாரம்; ஆகவே வாரத்துக்கு 24,000 டாலர் வந்தாக வேண்டும். ஒருவருக்கு 40 டாலர் கட்டணம் என்றால் வாரம் 600 பேர் வர வேண்டும்.

வருவார்களா என்பது இருக்கட்டும். வந்தால் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த அளவுப் பாதையில் ஒரே சமயத்தில் 20 பேருக்கு மேல் விடுவது ஆபத்து. நான்கு பிரிவாகப் பிரித்து, பிரிவுக்குக் கால் மணி நேரம் என்று மாற்றி மாற்றி விட்டால் ஒரு வேளைக்கு 80 பேர். வேலை நாட்களில் மக்கள் மாலையில்தான் வருவார்கள். ஒரு நாள் பாதையைத் திருத்தப் போய்விடும். ஆக வார நாட்களில் நான்கு வேளை, சனி ஞாயிறில் நான்கு வேளை, மொத்தம் எட்டு வேளை. எல்லா வேளையும் நிரம்பி வழிந்தாலே 640 பேர்தான். சனி ஞாயிறு நிரம்பி, வார நாட்களில் வேளைக்கு 30 பேர் வந்தால் மொத்தம் 440 பேர். வசூல் 17,600 டாலர். வாரம் 6,400 டாலர் துண்டு விழுகிறது.

கூட்டத்தைக் கூட்டினால் என்ன என்று தோன்றும். பிரிவுக்கு 30 பேரை விட்டால் மோதல் கூடும். ஐந்தாவது பிரிவைச் சேர்த்தால் ஒருவருக்கு மணிக்கு 15 நிமிடம் கிடைத்தது 12 ஆகக் குறையும். 40 டாலர் கொடுத்தவர் அடுத்த வாரம் வர மாட்டார். இன்னொரு சங்கடம் சிறுவர்கள். 50 சிசி வண்டி ஓட்டும் ஏழு வயதுப் பிள்ளையைப் பெரிய 450 சிசி வண்டிகளோடு ஒன்றாக விட முடியாது; தனிப் பிரிவு வேண்டும். எட்டுப் பிள்ளைகள் உள்ள பிரிவும் இருபது பெரியவர்கள் உள்ள பிரிவும் அதே கால் மணி நேரத்தைத்தான் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் பிள்ளையோடு அப்பா, அம்மா, தம்பி தங்கை எல்லோரும் வருகிறார்கள், பசியோடு வருகிறார்கள்.

துண்டு விழும் பணத்தை நிரப்பும் இடம் இங்கேதான். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு தின்பண்டக் கவுண்டர். அடுத்து உதிரி பாகக் கவுண்டர். எஞ்சின் ஆயில், ஸ்பார்க் பிளக், டியூப், கண்ணாடிக்கு லென்ஸ், விழுந்தால் முதலில் உடையும் கிளட்ச், பிரேக் லீவர்கள். இரவு ஏழு மணிக்கு லீவர் உடைந்தவர் விலை பேச மாட்டார். மீதி நேரம் வீணாகிவிடுமே என்றுதான் பார்ப்பார். ஒரு லீவர் விற்பனையில் நிற்கும் லாபம், ஓட்டக் கட்டணத்தில் நிற்பதைவிட அதிகமாக இருக்கலாம். ஆனால் எந்தக் கம்பெனி வண்டிக்கு எந்த லீவர், எத்தனை இருப்பு வைப்பது என்பது நம் கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த அதே தலைவலி. எல்லா வகையும் வைத்தால் முதல் முடங்கும். வைக்காவிட்டால் வியாபாரம் போகும்.

சீசன் அட்டை

அக்டோபர் மாதத்திலேயே குளிர்காலம் முழுவதற்குமான சீசன் அட்டையைத் தள்ளுபடி விலையில் விற்பதும் உண்டு. கொட்டகைக்கு அட்வான்ஸ் கட்டவும், மண் இறக்கவும், காப்பீட்டுத் தவணை செலுத்தவும் கைக்குப் பணம் வந்துவிடும். தீபாவளிப் பண்டு நடத்தும் நம் கடைக்காரர்களுக்கு இதன் உள்குத்து தெரியும். வாங்கிய பணம் வரவு அல்ல, கடன். மார்ச் வரை கதவைத் திறந்து வைத்தால்தான் அந்தக் கடன் தீரும். அக்டோபரில் வாங்கியதை நவம்பரில் செலவழித்துவிட்டு, ஜனவரியில் லோடர் வண்டி பழுதாகி, சூடேற்றும் எரிவாயு பில்லும் சேர்ந்து வந்தால், அட்டை வாங்கியவர்கள் சும்மா ஓட்டுவார்கள். புதிய காசு வராது. இந்த நிலையில் கதவைச் சாத்தினால் நஷ்டம் முதலாளியோடு நிற்காது. ஊரிலுள்ள அத்தனை குடும்பங்களும் வாசலில் நிற்கும்.

கண்ணுக்குத் தெரியாத புகை

இந்தத் தொழிலில் உயிர் சம்பந்தப்பட்ட இடம் பாதையில் விழுவது மட்டும் அல்ல, காற்றும்தான். பெட்ரோல் எஞ்சின் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், மயக்கம். அளவு மீறினால் மரணம். புகை தெரியவில்லையே, காற்று நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைப்பது பெரிய தவறு.

அமெரிக்காவில் வெளிக்காற்றுக்கு வகுத்த அளவு, ஒரு மணி நேரச் சராசரியாகப் பத்து லட்சத்தில் 35 பங்கு. எட்டு மணி நேரத்துக்கு 9 பங்கு. 1992, 1993ஆம் ஆண்டுகளில் சின்சினாட்டி நகரில் மூடிய அரங்குக்குள் நடந்த ராட்சத லாரிக் காட்சி, டிராக்டர் இழுவைப் போட்டி ஆகியவற்றின்போது காற்றை அளந்து பார்த்தார்கள். அந்த நச்சு வாயு கவலைப்படும் அளவுக்கு இருந்ததை அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் தன் வார அறிக்கையில் வெளியிட்டது. அது ஓரிரண்டு இரவுக் காட்சி. கொட்டகைப் பாதையிலோ கொடி காட்டும் பணியாளும் கவுண்டரில் நிற்கும் பெண்ணும் வாரம் முழுவதும் அதே காற்றைச் சுவாசிக்கிறார்கள்.

வழி என்னவென்றால் பெரிய விசிறிகள் வைத்து உள்காற்றை வெளியே தள்ளி, புதுக்காற்றை இழுப்பது. ஆனால் வெளியே தள்ளும் காற்று காசு கொடுத்துச் சூடேற்றிய காற்று. உள்ளே வருவது உறைநிலைக்குக் கீழே பத்து டிகிரி குளிர்ந்த காற்று. விசிறியை ஓட்டினால் எரிவாயு பில் ஏறும். நிறுத்தினால் காற்று கெடும். கையில் காசு குறைந்த மாதத்தில் முதலாளியின் கை முதலில் போவது விசிறியின் சுவிட்சுக்குத்தான். காற்றை அளக்கும் கருவியைப் பார்வையாளர் இடத்திலும் பாதை ஓரத்திலும் மாட்டி, அளவு ஏறினால் ஓட்டத்தை நிறுத்தும் அதிகாரத்தைக் கணக்குப் பார்க்காத ஒரு ஆளிடம் கொடுத்துவிடுவதுதான் நல்லது என்பது என் எண்ணம்.

மண்ணும் ஒரு சரக்கு

மண் சும்மா கிடைக்கும் என்று நினைக்கலாம். களிமண் அதிகமானால் இறுகிச் சிமெண்ட் தரை மாதிரி வழுக்கும். மணல் அதிகமானால் மேடு நிற்காமல் சரியும். இரண்டும் சரியாகச் சேர்ந்து, ஈரமும் சரியாக இருக்க வேண்டும். வெளிப்பாதைக்கு மழை வந்து உதவும். இங்கே குழாய்த் தண்ணீர்தான். ஈரம் குறைந்தால் தூசி பறந்து பின்னால் வருபவருக்குக் கண் தெரியாது. கூடினால் சேறு. சிலர் மரத்தூள் கலப்பார்கள். ஈரத்தைப் பிடித்து வைக்கக் கால்சியம் குளோரைடு தூவுவதும் உண்டு. அது வண்டியின் இரும்பை அரிக்கும் என்பதால் வாடிக்கையாளர் முணுமுணுப்பார். போதாததற்குப் பாதையின் அமைப்பை அவ்வப்போது மாற்றியாக வேண்டும். ஆறு வாரம் ஒரே மேடு, ஒரே வளைவு என்றால் ஓட்டுபவருக்குச் சலித்துவிடும். மாற்றும் நாளில் டீசல் செலவு உண்டு, வசூல் இல்லை.

கையெழுத்து எவ்வளவு தாங்கும்?

உள்ளே வருபவரிடம், அடிபட்டால் வழக்குப் போட மாட்டேன் என்று கையெழுத்து வாங்குவார்கள். வயது வந்தவர் போட்ட கையெழுத்து பல மாநிலங்களில் ஓரளவு செல்லும். பிள்ளைக்காகத் தகப்பன் போட்ட கையெழுத்து செல்லுமா என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. ஒஹையோ உச்ச நீதிமன்றம் 1998இல், லாப நோக்கமில்லாத கால்பந்துச் சங்கம் ஒன்றின் வழக்கில், செல்லும் என்றது. நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 2006இல், காசு வாங்கி நடத்தும் ஸ்கேட்டிங் அரங்கின் வழக்கில், செல்லாது என்றது. ஃபுளோரிடாவில் ஒரு மோட்டார் விளையாட்டுப் பூங்காவில் 14 வயதுச் சிறுவன் நான்கு சக்கர வண்டியில் மேட்டைத் தாண்டும்போது விழுந்து இறந்தான். தகப்பன் கையெழுத்திட்டிருந்தார். அது செல்லாது என்று 2008இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு 2010இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. விளையாட்டிலேயே உள்ள இயல்பான ஆபத்துக்கு மட்டும் கையெழுத்து செல்லும். நடத்துபவரின் கவனக்குறைவுக்கு அது கேடயம் ஆகாது.

ஆகவே காப்பீடு இல்லாமல் கதவைத் திறக்க முடியாது. மேட்டுக்கு மறுபக்கம் ஒருவர் விழுந்து கிடந்தால் பின்னால் வருபவருக்குத் தெரியாது. மஞ்சள் கொடி அசைக்க அங்கே ஆள் நிற்க வேண்டும். ஒரு கொடி ஆளின் கூலியை மிச்சம் பிடித்த இடத்தில் நடக்கும் விபத்துதான் கவனக்குறைவு என்று நீதிமன்றத்தில் பெயர் பெறுகிறது. கொட்டகைக்குள் தூண்கள் இருந்தால் அதற்கும் மெத்தை கட்ட வேண்டும். தூண் இல்லாத அகன்ற கொட்டகை வேண்டுமென்றால் வாடகை கூடும். சரக்கு வைக்கக் கட்டிய கிட்டங்கியை மக்கள் கூடும் இடமாக மாற்றினால் அவசர வழி, தீயணைப்பு ஏற்பாடு, கழிப்பறை என்று கட்டட விதிகளும் மாறும். தகரக் கொட்டகை சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும். அக்கம் பக்கத்தார் புகார் தனி.

மின்சார வண்டி வந்த பிறகு

புகைக்கும் சத்தத்துக்கும் மின்சார வண்டி விடை போலத் தோன்றுகிறது. ஸ்பெயினைச் சேர்ந்த ஸ்டார்க் நிறுவனம் 2021 டிசம்பரில் பெரிய பெட்ரோல் வண்டிகளுக்குச் சமமான மின்சார வண்டியை அறிமுகப்படுத்தியது. கேடிஎம் அதற்கு முன்பே சிறுவர்களுக்கான மின்சார வண்டியைக் கொண்டுவந்திருந்தது. ஆனால் கலிபோர்னியாவில் இதே முயற்சியில் இறங்கிய ஆல்டா நிறுவனம் 2018இல் மூடப்பட்டது. பாதை நடத்துபவரின் சிக்கல் வேறு. வண்டி வாடிக்கையாளருடையது; பெட்ரோல் வண்டி வைத்திருப்பவரை வராதே என்று சொன்னால் வருபவர் யார்? வாரத்தில் ஒரு மாலையை மின்சார வண்டிக்கு மட்டும் ஒதுக்கினால் அன்று விசிறிச் செலவு குறையும், சிறுவர்களும் நிம்மதியாக ஓட்டுவார்கள். கூட்டம் குறைந்த செவ்வாய்க்கிழமைக்கு அது பொருந்தும். வாடகைக்கு வண்டி வாங்கிப் போடுவதும் நல்ல யோசனைதான், முதல் இருந்தால்.

ஏப்ரலில் பனி உருகியதும் வாடிக்கையாளர் வெளிப்பாதைக்குப் போய்விடுவார். ஏழு மாத வாடகை மீதம். உள்ளே மண் கிடப்பதால் கொட்டகையை வேறு எதற்கும் எளிதில் விட முடியாது. படகு நிறுத்தி வைக்க இடம் கேட்பவர்களோ குளிர்காலத்தில்தான் வருகிறார்கள், பாதைக்குக் கூட்டம் வரும் அதே மாதங்களில். அதனால்தான் சொந்த நிலத்தில் கோடைக்கு வெளிப்பாதையும் குளிருக்குக் கொட்டகையும் வைத்திருப்பவரின் கணக்கு மற்றவர் கணக்கைவிட எளிதில் நேராகிறது. வாடகைக் கொட்டகையில் நடத்துபவர் ஒப்பந்தத்தில் முதலில் படிக்க வேண்டியது கடைசிப் பக்கத்தை. காலி செய்யும்போது நூற்றுக்கணக்கான லாரி மண்ணை அள்ளி, தரையைக் கழுவி, பழையபடி ஒப்படைக்கும் செலவு யாருடையது என்று அங்கேதான் எழுதியிருக்கும்.