எண்களின் பொருள் அறிவோம்

கொல்லங்கோடு பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், நெல்லியாம்பதி மலையடிவாரத்தில் அமைந்த ஊர். தமிழும் மலையாளமும் அருகருகே ஒலிக்கும் எல்லைப்பகுதி அது. 2023 ஆம் ஆண்டில், இந்தியாவின் அழகிய சிற்றூர்கள் பத்தினைக் காட்டும் பட்டியல் ஒன்றைத் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா சமூக ஊடகத்தில் பகிர்ந்தார். அப்பட்டியலில் கொல்லங்கோடும் இடம்பெற்றிருந்தது. அதன்பின், கைப்பேசியும் படக்கருவியும் ஏந்தியோர் பலர் அவ்வூரின் வயல்வரப்புகளையும் சீதார்குண்டு அருவியையும் தேடி வந்தனர்.

அவ்வூர் மாணவி ஒருத்தியும் யூடியூபில் இரண்டு காணொளிகளை வெளியிட்டாள் எனக் கொள்வோம். இரண்டும் நான்கு நிமிட நீளமுடையவை. முதலாவது, அருவியைக் காட்டும் காணொளி. அதற்கு 4,000 பார்வைகள் கிடைத்தன. இரண்டாவது, நாற்று நடும் முறையை அவளுடைய பாட்டி விளக்கும் காணொளி. அதற்குக் கிடைத்தவை 600 பார்வைகளே. ‘பாட்டியின் பேச்சை யாரும் விரும்பவில்லை’ என்று எண்ணிய மாணவி, இனி அத்தகைய காணொளிகளை எடுப்பதில்லை என முடிவு செய்தாள். அம்முடிவு சரியானதா?

பார்வையும் பார்வை நேரமும்

அருவிக் காணொளியை ஒவ்வொருவரும் சராசரியாகப் பார்த்தது 12 விநாடிகள். பாட்டியின் காணொளியைப் பார்த்ததோ 2 நிமிடம் 30 விநாடிகள். பார்வை எண்ணிக்கையைச் சராசரி நேரத்தால் பெருக்கினால், முதலாவதன் மொத்தப் பார்வை நேரம் 13 மணி 20 நிமிடம். இரண்டாவதன் பார்வை நேரம் 25 மணி. தலைப்பைக் கண்டு வந்தோர் அருவியை விட்டு விரைவில் நீங்கினர். வந்தோர் சிலரேயாயினும் பாட்டியின் சொல்லுக்கு நின்று செவிகொடுத்தனர். ஆகவே, மாணவி கைவிட முனைந்தது தன் சிறந்த படைப்பையே.

இத்தகைய மயக்கம் தொடக்கநிலைப் படைப்பாளர்க்கு மட்டும் உரியதன்று. யூடியூப் நிறுவனமும் முதலில் பார்வை எண்ணிக்கைக்கே முதன்மை தந்தது. கவர்ச்சியான தலைப்பும் முகப்புப் படமும் இட்டு மக்களை ஈர்க்கும் போக்கு அதனால் வளர்ந்தது. 2012 ஆம் ஆண்டில் அந்நிறுவனம் தன் முறையை மாற்றி, காணொளிகளைப் பரிந்துரைப்பதில் பார்வை நேரத்திற்கு முதன்மை அளித்தது.

எளிய செயலியின் தேவை

யூடியூப் தளமே தன் படைப்பாளர்க்குப் பகுப்பாய்வுப் பக்கம் ஒன்றை வழங்குகிறது. எனினும், அதில் காணப்படும் எண்களும் வரைபடங்களும் மிகப் பல. தொடக்கநிலையில் உள்ளவர், எதனை முதலில் நோக்குவது என அறியாது திகைப்பர். பெரும்பாலோர் பெரிதாகத் தெரியும் எண்ணை மட்டும் கண்டு மகிழ்வர் அல்லது வருந்துவர். இக்குறையைப் போக்கும் எளிய செயலியை வடிவமைப்போர் பின்வரும் நெறிகளைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

முதலாவது, *கேள்வியிலிருந்து தொடங்குதல்.* எந்த எண்களைக் காட்டலாம் என்பதனினும், படைப்பாளர் எதை அறிய விரும்புகிறார் என்பதே முதற்கேள்வி. ‘எத்தனை பேர் கண்டனர்? எவ்வளவு நேரம் நின்றனர்? மீண்டும் வந்தனரா?’ என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை தரும் மூன்று எண்களே முதல் திரைக்குப் போதும்.

இரண்டாவது, *எண்ணுக்கு அருகில் சொல்லையும் வைத்தல்.* ‘சராசரிப் பார்வை நேரம் 12 விநாடி’ என்பதோடு நில்லாமல், ‘பலர் தொடக்கத்திலேயே நீங்கினர், முதற்காட்சியை மாற்றிப் பார்க்கலாம்’ என்று செயலி கூற வேண்டும். அடுத்துச் செய்ய வேண்டியதைக் காட்டாத எண் தொடக்கநிலையினர்க்குச் சுமையே.

மூன்றாவது, *பொருத்தமான அளவையைத் தேர்தல்.* ஏழு காணொளிகளின் பார்வைகள் முறையே 40, 45, 50, 50, 55, 60, 3,200 எனக் கொள்வோம். இவற்றின் கூட்டுச் சராசரி 500. ஆனால், 500 பார்வைகளை ஒட்டிய காணொளி ஒன்றுகூட இல்லை. ஏறுவரிசையில் நடுவில் நிற்கும் எண்ணாகிய 50 என்னும் இடைநிலை அளவே உண்மை நிலையை உணர்த்தும். சராசரியை மட்டும் காட்டும் செயலி, அடுத்த காணொளிக்கு 60 பார்வைகள் வந்தாலும் அதனைத் தோல்வி என்றே கூறிவிடும்.

நான்காவது, *தம்மைத் தம்மோடு ஒப்பிடச் செய்தல்.* புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில், பெரியவர் ஒருவரும் அவர்தம் பேரன்மாரும் 2018 ஆம் ஆண்டில் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ என்பதனைத் தொடங்கினர். 2021 ஆம் ஆண்டில் ஒரு கோடிச் சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் சேனலாக அது உயர்ந்தது. அவ்வெண்ணுக்குப் பின்னே மூன்றாண்டு உழைப்பு உள்ளது. அதனோடு ஒரு மாணவியின் முதல் மாதத்தை ஒப்பிடுதல் முறையாகாது. சென்ற மாதத்தினும் இம்மாதம் எவ்வாறு உள்ளது என்பதனையே செயலி காட்ட வேண்டும்.

காக்க வேண்டிய எல்லை

பகுப்பாய்வுச் செயலி பயனரின் கடவுச்சொல்லைக் கேட்டல் கூடாது. கணக்கின் உரிமையாளர் தளத்தின் வழியே ஒப்புதல் அளித்தால், தேவையான தரவை மட்டும் பெறும் வழி உண்டு. ஒப்புதலை அவர் பின்னர் விலக்கிக்கொள்ளவும் இயலும். இந்தியாவின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, பதினெட்டு வயது நிறையாதவரின் தரவைக் கையாளும் முன் பெற்றோரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்கிறது. மாணவர்க்கான செயலியை வடிவமைப்போர் இதனைத் தொடக்கத்திலேயே எண்ணிச் செயற்பட வேண்டும்.

தாளில் தொடங்கும் பணி

இத்தகைய செயலியை வடிவமைக்க முதலில் கணினி தேவையில்லை. திரையின் தோற்றத்தை ஒரு தாளில் வரைந்து, காணொளி வெளியிட்டுப் பழகாத ஒருவரிடம் தர வேண்டும். விளக்கம் எதுவும் கூறாமல், ‘இதிலிருந்து நீர் அறிவது யாது?’ என வினவ வேண்டும். அவர் தயங்கும் இடமே திருத்த வேண்டிய இடம். பலமுறை திருத்தியபின் நிரல் எழுதினால் உழைப்பு வீணாகாது.

செயலி எத்துணைச் சிறந்ததாயினும், நாற்று நடவைப் பாட்டி விளக்கியது நன்றா என்பதை அது முடிவு செய்யாது. எத்தனை பேர் நின்று கேட்டனர் என்பதை மட்டுமே கூறும். மீண்டும் பாட்டியிடம் சென்று, ‘அடுத்து அறுவடையைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்க வேண்டியவள் அம்மாணவியே.

அருஞ்சொற்பொருள்

பகுப்பாய்வு – பகுத்து ஆராய்தல்
இடைநிலை அளவு – வரிசைப்படுத்திய எண்களின் நடுவில் அமைவது
நிரல் – கணினிக்கு இடும் கட்டளைத் தொகுப்பு

வினாக்கள்

1. மாணவியின் இரு காணொளிகளுள் சிறந்தது எது? காரணம் கூறுக.
2. 20, 25, 30, 35, 890 ஆகியவற்றின் கூட்டுச் சராசரியையும் இடைநிலை அளவையும் கண்டு, எது பொருத்தமானது என விளக்குக.
3. உம் ஊரைப் பற்றிய காணொளி ஒன்றிற்கு ஏற்ற செயலித் திரையைத் தாளில் வரைக.