ஸ்பேசரா, காயிலா? ஜீப்பை உயர்த்துமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜீப் வகை வண்டிகளைத் தரையிலிருந்து ஓரிரு அங்குலம் உயர்த்துவதற்குப் பரவலாக இரண்டு வழிகள் உள்ளன. வண்டியோடு வந்த காயில் ஸ்பிரிங்கை மாற்றாமல், அதன் மேலோ கீழோ ஸ்பேசர் எனப்படும் தடித்த வளையத்தைச் செருகுவது ஒன்று. பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, நீளமோ விறைப்போ கூடிய புதிய காயிலைப் பொருத்துவது மற்றொன்று. இரண்டிலும் வண்டி உயரும். ஆனால் ஸ்பேசர் உயரத்தை மட்டும் மாற்றுகிறது. காயில், வண்டி எடை தாங்கும் விதத்தையே மாற்றுகிறது. எது வேண்டும் என்பதை வண்டி சுமக்கும் பாரமும் அது ஓடும் பாதையும்தான் முடிவு செய்ய வேண்டும்.

திண்டுக்கல் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. நகரத்தைத் தொட்டுச் செல்லும் நான்குவழிச் சாலையில் வண்டிகள் வேகமாக ஓடுகின்றன. அதே வண்டி வேடசந்தூர்ப் பக்கம் செம்மண் வண்டிப்பாதையிலும், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஈரம் காயாத ஓடைகளிலும், குடகனாற்று மணலிலும் இறங்க நேரும். 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சிறுமலைக்கு ஏற வேண்டியிருக்கும். பன்றிமலை, ஆடலூர், தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பி, மிளகுத் தோட்டங்களில் தார்ச்சாலை முடிந்த பிறகும் பாதை தொடரும். வேகச்சாலை, வளைவு, கரடு ஆகிய மூன்றையும் ஒரே வண்டி சமாளிக்க வேண்டும் என்பதால், ஒன்றுக்காகச் செய்யும் மாற்றம் மற்ற இரண்டையும் கெடுத்துவிடக் கூடாது.

முதலில் பார்க்க வேண்டியது

எல்லா ஜீப்புகளிலும் காயில் இருப்பதில்லை. பழைய மஹிந்திரா ஜீப்புகளும், 1985இல் வந்த மாருதி ஜிப்சியும் முன்னும் பின்னும் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் கொண்டவை. 2010இல் வந்த முதல் மஹிந்திரா தாரில் முன்பக்கம் டார்ஷன் பார் எனப்படும் முறுக்குக் கம்பி, பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங். இவற்றை உயர்த்தும் முறைகள் வேறு. ஸ்பேசரா காயிலா என்ற பேச்சு இவற்றுக்குப் பொருந்தாது.

2020இல் வந்த இரண்டாம் தலைமுறைத் தாரிலும், 2023இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஐந்து கதவு மாருதி ஜிம்னியிலும் நான்கு சக்கரங்களுக்கும் காயில் உண்டு. ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. தாரின் முன்சக்கரங்கள் தனித்தனி விஷ்போன் கைகளில் இயங்குகின்றன. பின்பக்கம் இரு சக்கரங்களையும் இணைக்கும் முழு அச்சு. ஜிம்னியில் முன்னும் பின்னும் முழு அச்சு. ஒரே தடிமனுள்ள ஸ்பேசர் இந்த இரண்டு அமைப்புகளிலும் ஒரே விளைவைத் தராது.

ஸ்பேசர் செய்வது என்ன?

ஸ்பேசர் பெரும்பாலும் பாலியூரித்தேன், நைலான் அல்லது அலுமினியத்தால் ஆனது. முழு அச்சுள்ள வண்டியில் காயிலின் இருக்கையில் 30 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் உடல் ஏறத்தாழ 30 மி.மீ. உயரும். தனித்தனியாக இயங்கும் முன்சக்கர அமைப்பில் காயிலோடு சேர்ந்த ஷாக் அப்சார்பர் விஷ்போனின் நடுப்பகுதியில் நிற்பதால் நெம்புகோல் கணக்கு நுழைகிறது. அங்கே ஷாக்கின் உச்சியில் வைக்கும் 25 மி.மீ. ஸ்பேசர், சக்கரத்தருகே அதைவிடக் கணிசமாக அதிக உயரத்தைத் தரும். சில வண்டிகளில் அது இரு மடங்கை நெருங்கும்.

இதில் ஸ்பிரிங்கின் விறைப்பு மாறுவதில்லை. மணைக்கட்டை மேல் ஏறி நிற்பவருக்கு உயரம் கூடுமே தவிரக் காலின் வலு கூடாது. ஸ்பேசர் வைத்த வண்டியும் அப்படித்தான். சாலையில் பழகிய மென்மை பெரும்பாலும் அப்படியே இருக்கும். செலவு குறைவு. வேலையும் நல்ல பட்டறையில் ஒரு பகலில் முடிந்துவிடும். பிடிக்காவிட்டால் கழற்றிப் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

குறை, சக்கரத்தின் ஏற்ற இறக்கத்தில் தெரியும். முழு அச்சில் காயிலோடு ஸ்பேசரை வைத்துவிட்டு ஷாக்கை மாற்றாமல் விட்டால், வண்டி சும்மா நிற்கும்போதே ஷாக் ஸ்பேசரின் தடிமன் அளவுக்குக் கூடுதலாக நீண்டுவிடுகிறது. சக்கரம் பள்ளத்தில் இறங்கத் தேவையான மிச்ச நீளம் அந்த அளவுக்குக் குறைகிறது. ஓடைக்கரையில் ஒரு சக்கரம் கீழே தொங்க வேண்டிய இடத்தில் அது தரையைத் தொடாமல் அந்தரத்தில் சுழலும். மறுபுறம், சக்கரம் முழுவதும் மேலே அழுந்தும்போது காயில் முன்பைவிட ஸ்பேசரின் தடிமன் அளவுக்குக் கூடுதலாக நசுங்குகிறது. சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டாமல் தடுக்க, பம்ப் ஸ்டாப் ரப்பரையும் அதே அளவுக்கு நீட்ட வேண்டும்.

காயில் செய்வது என்ன?

ஒரு காயிலின் விறைப்பை அதன் கம்பித் தடிமன், சுற்றின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை ஆகியவை தீர்மானிக்கின்றன. இவற்றுள் கம்பித் தடிமனின் செல்வாக்கே மிக அதிகம்; விறைப்பு அதன் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். கம்பி பத்து விழுக்காடு தடித்தால் விறைப்பு ஏறத்தாழ 46 விழுக்காடு கூடும். ஆகவே பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு காயில்கள் சாலையில் முற்றிலும் வேறாக நடந்துகொள்ளலாம். உயரத்தை மட்டும் கேட்டுக் காயில் வாங்குவது தவறு. எந்த எடைக்கு உரியது என்றும் கேட்க வேண்டும்.

எடையின் விளைவை ஒரு கணக்கில் காணலாம். இரும்பு பம்பரும் வின்ச்சும் சேர்ந்து முன்பக்கம் 100 கிலோ கூடியதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு காயிலுக்கும் 50 கிலோ, அதாவது ஏறத்தாழ 490 நியூட்டன். காயிலின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் என்றால் அது சுமார் 25 மி.மீ. அமுங்கும். 25 மி.மீ. ஸ்பேசர் வைத்து இழந்த உயரத்தை மீட்டுவிடலாம். ஆனால் கூடிய எடையை அதே பழைய காயில்தான் சுமக்கிறது. வண்டி முன்பைவிட அதிகம் ஆடும், பள்ளங்களில் அடிக்கடி அடி தட்டும். இந்த எடைக்கென்று சுற்றிய காயில் உயரத்தையும் தாங்கும் வலுவையும் சேர்த்தே தரும்.

இதற்கு எதிரான பிழையும் நடக்கிறது. எந்தச் சுமையும் ஏற்றாத வண்டிக்கு மிக விறைத்த காயிலைப் போட்டால், ஒவ்வொரு குலுக்கலும் இருக்கைக்கு வந்து சேரும். சரளைப் பாதையில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும், பிடிப்பு குறையும். விறைத்த காயில் திரும்பி விரியும் வேகத்தை அடக்கப் பழைய ஷாக்கால் முடியாது. அதனால் காயில் மாற்றுபவர்கள் அதற்கேற்ற நீளமும் கட்டுப்பாடும் உள்ள ஷாக்குகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். காயில் வழியின் செலவு கூடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். காயிலின் முழுப் பயனும் இந்தச் சேர்க்கையில்தான் கிடைக்கும்.

இரண்டுக்கும் பொதுவான விளைவுகள்

எந்த வழியில் உயர்த்தினாலும் முழு அச்சின் தாழ்ந்த பகுதியான டிஃபரன்ஷியல் உயராது. அது சக்கரத்தோடு நிற்பது. அதை உயர்த்த டயரின் விட்டம் பெரிதாக வேண்டும். விட்டம் 40 மி.மீ. கூடினால் அச்சுக்கடியில் 20 மி.மீ. இடைவெளி கிடைக்கும். சஸ்பென்ஷனை உயர்த்துவதால் உடலின் அடிப்பகுதியும், ஏற்ற இறக்கங்களில் முட்டாமல் நுழையும் கோணமும், பெரிய டயருக்கான இடமுமே கூடுகின்றன.

முன்பக்கம் முழு அச்சுள்ள வண்டியை உயர்த்தினால் அச்சு சற்றே திரும்பி, ஸ்டியரிங்கை நேராக நிறுத்த உதவும் காஸ்டர் கோணம் குறைகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டியரிங் நேர்கோட்டில் நில்லாமல் அலையும். அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பேன்ஹார்ட் கம்பியும் சாய்வதால் அச்சு ஒரு பக்கமாகச் சற்று நகரும். காஸ்டர் புஷ், நீளம் மாற்றக்கூடிய பேன்ஹார்ட் கம்பி ஆகியவை இவற்றுக்குத் தீர்வு. தனித்தனி முன்சக்கர அமைப்பில் டிரைவ் ஷாஃப்ட்டின் சாய்வு கூடி, மூட்டுகளும் அவற்றை மூடிய ரப்பர் உறைகளும் விரைவில் தேயும். பிரேக் ஹோஸ் முழு நீட்டத்தில் இழுபடுகிறதா என்று பார்ப்பது உயிரைக் காக்கும் வேலை.

உயரம் கூடினால் கவிழும் வாய்ப்பும் கூடும். இடது, வலது சக்கரங்களின் இடைவெளி 1,500 மி.மீ., எடை மையம் 700 மி.மீ. உயரத்தில் உள்ள ஒரு வண்டி, அசைவின்றி நிற்கையில் கணக்குப்படி ஏறத்தாழ 47 பாகைச் சரிவு வரை கவிழாது. மையம் 40 மி.மீ. உயர்ந்தால் அந்த எல்லை 45 பாகைக்கு வந்துவிடும். ஓடும் வண்டியில் வேகமும் திருப்பமும் இந்த எல்லையை வெகுவாகக் குறைக்கும். சிறுமலை வளைவுகளில் இறங்கும் வண்டிக்கு இது சிறிய வேறுபாடு அல்ல.

யாருக்கு எது?

பெரும்பாலும் நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் ஓடி, எப்போதாவது தோட்டப் பாதையில் இறங்கும், கூடுதல் எடை ஏற்றாத வண்டிக்கு 25 முதல் 30 மி.மீ. வரையிலான நல்ல ஸ்பேசர் போதும். காயில்கள் நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. பல ஆண்டு ஓடித் தொய்ந்த காயிலின் மேல் ஸ்பேசர் வைப்பது குறையை மறைக்குமே தவிரத் தீர்க்காது.

பம்பர், வின்ச், கூரை மேல் சாமான் தட்டு ஆகியவற்றை நிரந்தரமாகச் சுமக்கும் வண்டிக்கும், வாரந்தோறும் மலைத்தோட்டத்துக்குச் சுமையோடு ஏறும் வண்டிக்கும், 50 மி.மீ. அளவுக்கு உயர வேண்டிய வண்டிக்கும் காயிலும் ஷாக்கும் சேர்ந்த மாற்றமே பொருந்தும். இரண்டு ஸ்பேசர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதையும், புதிய காயில், ஸ்பேசர் இரண்டையும் சேர்த்து உயரம் தேடுவதையும் அறவே தவிர்க்க வேண்டும்.

சட்டமும் பராமரிப்பும்

தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தக் கட்டுப்பாட்டை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தால் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கேள்வி எழுப்பவும் இடமுண்டு. ஆகவே பணம் செலவிடுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுத் தெளிவது நல்லது. உயர்த்திய வண்டி என்பதால் காப்புக்காட்டுக்குள் நுழையும் உரிமை வந்துவிடாது. அதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும்.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்து, முகப்பு விளக்கின் ஒளியைத் தாழ்த்தி அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிரே வருபவரின் கண் கூசும். புதிய காயில்கள் ஓடத் தொடங்கியதும் சில மில்லிமீட்டர் படியும். ஆகவே முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் எல்லாப் போல்ட்டுகளையும் உரிய முறுக்கு அளவில் மீண்டும் இறுக்கி, அலைன்மென்ட்டை மறுபடி சரிபார்த்த பிறகே அந்த வேலை முழுமையடைகிறது.