பாக்ஸ்வுட்டை விரித்துப் பாருங்கள்

ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு வாசலோரம் ஒரு பாக்ஸ்வுட் வரிசையும் சேர்ந்தே கிடைப்பதுண்டு. நகக்கண் அளவு இலை, உருட்டி வெட்டிய உடம்பு, தைமாதப் பனியிலும் பச்சை. மான்கூட வாய்வைக்காத கசப்பு. தானாகவே வளரும் என்று விட்டுவிடுகிறோம். தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு இருங்கள். அதற்கு என்ன தேவை என்று ஆறுதலாகச் சொல்கிறேன்.

ஐரோப்பிய பாக்ஸ்வுட் கனடாக் குளிரில் நிமிர்ந்து நிற்காது. கொரிய இனம் தாங்கும். ஒன்ராறியோவின் ஷெரிடன் நர்சரி இரண்டையும் கலந்து கிரீன் வெல்வெட், கிரீன் மவுண்டன் போன்ற ரகங்களை உருவாக்கியது. உங்கள் வாசலில் நிற்பதும் அநேகமாக அவற்றில் ஒன்றுதான். வருடத்துக்குச் சில அங்குலமே வளரும். ஆகவே ஒரு பருவத்தில் இழந்ததை மீட்கப் பல வருடம் பிடிக்கும்.

வேர் மேலாகவே ஓடுவதால் அடியில் கொத்தக் கூடாது. மரப்பட்டைச் சீவலை மெல்லியதாகப் பரப்புங்கள், தண்டில் முட்டாமல். குளிர்காலத்தில் செடி சாவது குளிரால் மட்டுமல்ல, தாகத்தாலும்தான். வெயிலும் காற்றும் இலையிலிருந்து ஈரத்தை இழுக்கும். உறைந்த மண் ஒரு சொட்டும் தராது. மாசியில் இலை வைக்கோல் நிறமாவது அதனால்தான். நிலம் உறையுமுன் ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். தெருவில் கொட்டும் உப்புத் தெறிக்கிற பக்கத்துக்குச் சாக்குத்துணி கட்டுங்கள்.

வெட்டுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். மின்கத்தரியால் வருடாவருடம் மேலே மட்டும் மழித்தால், நுனியில் கிளை நெருங்கி மூடிக்கொள்ளும். இரண்டு கையாலும் விரித்துப் பாருங்கள்: வெளியே இரண்டு விரற்கடை பச்சை, உள்ளே மொட்டைக் குச்சிகள், உதிர்ந்து மக்கிய இலை, காயாத ஈரம். பாக்ஸ்வுட் கருகல் என்னும் பூஞ்சை நோய்க்கு அந்த ஈரம்தான் வேண்டும். இலையில் பழுப்புப் புள்ளி, தண்டில் கறுப்புக் கோடு, பிறகு இலை கொட்டும்.

இதைத் தடுக்கக் கைக்கத்தரி போதும். அங்கங்கே ஒரு சாண் கிளையை உள்ளே கவை வரை போய் வெட்டி எடுங்கள். மேலே சிறு துவாரங்கள் விழும். வெளிச்சமும் காற்றும் அவற்றின் வழியே இறங்க, உள்குச்சிகளும் துளிர்க்கும். வசந்தத் துளிர் முற்றிய பிறகு, ஜூனில், மேகமூட்டமான நாளில் செய்யுங்கள். இங்கிலாந்துத் தோட்டக்காரர்களும் டெர்பி குதிரைப் பந்தயம் நடக்கும் ஜூன் தொடக்கத்தைத்தான் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் நடுவுக்குப் பிறகு வெட்டினால், புதுத்துளிர் முற்றுமுன் உறைபனி வந்து கருக்கிவிடும்.

உள்ளே பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம், கிழக்காசியாவிலிருந்து வந்த பாக்ஸ்வுட் அந்துப்பூச்சி. ஐரோப்பாவில் பெருநாசம் செய்த இது, வட அமெரிக்காவில் முதன்முதலாக 2018இல் அகப்பட்டது நம்முடைய ரொறன்ரோவில்தான். புழு, இரண்டு இலைகளைப் பட்டுநூலால் ஒட்டி அதற்குள் குளிர்காலத்தைக் கழிக்கும். வசந்தத்தில் விழித்து, உள்ளிருந்தே தின்னத் தொடங்கும். பச்சை உடம்பில் கறுப்புக் கோடும் வெள்ளைப் புள்ளியும், கறுத்த தலை. பக்கத்தில் வலையும் பச்சை எச்சமும். வெளியே பழுப்புத் தெரியும்போது பாதிச் செடி போயிருக்கும். இலை முடிந்தால் பட்டையையும் தின்னும். அதன்பிறகு செடி பிழைப்பது அரிது.

கொஞ்சம் இருந்தால் கையால் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். நிறைய இருந்தால் பிடிகே என்ற பாக்டீரியா மருந்து உண்டு. புழு அதைத் தின்றால்தான் சாகும். ஆகவே உள்ளிலைகளும் இலையடிகளும் நனையத் தெளிக்க வேண்டும், புழு சிறிதாக இருக்கும்போதே. வெயிலிலும் மழையிலும் சில நாளில் வீரியம் போய்விடும். கோடையில் அடுத்த தலைமுறை வரும். அப்போதும் தெளிக்க வேண்டும்.

புதிதாக நட நினைப்பவர்களுக்கு என் யோசனை: இப்போதைக்கு நீள வேலி வேண்டாம், பராமரிக்க முடிகிற இரண்டு செடி போதும். ஏற்கெனவே நிற்பதை, இலை போய்விட்டதென்று அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள். அடியில் பச்சை தெரிந்தால் தண்ணீர் விட்டு ஒரு கோடை பொறுத்திருங்கள்.