வேர் முடிச்சில் இளஞ்சிவப்பு

கொருக்குப்பேட்டையில் சரக்கு ரயில் பாதையோரம் செழித்து நிற்கும் சீமைக்கருவேலத்துக்கு உரம் போட்டது யார்? அதன் வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான். காற்றிலுள்ள நைட்ரஜனை அவை செடிக்கு உணவாக்கித் தருகின்றன; பதிலுக்குச் சர்க்கரை பெறுகின்றன. மாடித் தொட்டியில் காராமணி இருந்தால், பூக்கும் நேரத்தில் ஒரு செடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நசுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்தால், வேலை மும்முரமாக நடக்கிறது!

பயறுச் செடிகளோடு இந்த உறவு முடிவதில்லை. பிச்சாவரம் உப்பங்கழியின் காட்டு நெல்லில், உப்பைத் தாங்கி, நைட்ரஜனை நிலைநிறுத்தி, மண்ணில் முடங்கிய மணிச்சத்தையும் கரைக்கும் பாக்டீரியாவைச் சென்னை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 2004இல் வேளாண் அறிஞர் எம்.எஸ். சுவாமிநாதன் பெயரால் அதற்கு ‘சுவாமிநாதானியா’ என்று பெயரிட்டார்கள். எண்ணூர்க் கழிமுகத்துக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு, உப்பு மண்ணிலும் உழைக்கும் இந்த உயிர் பெருமைக்குரியது.