வெறுப்புக்கு மைக் நீட்டலாமா?

2024 செப்டம்பர் 10 இரவு. அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான நேரலை விவாதத்தைச் சுமார் 6 கோடியே 70 லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒஹையோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் குடியேறியவர்கள், ஊர்க்காரர்கள் வளர்க்கும் நாய், பூனைகளைத் தின்கிறார்கள் என்றார் டொனால்ட் டிரம்ப். அவர் சுட்டியது ஹைதி நாட்டு மக்களை. ஏபிசி நெறியாளர் டேவிட் மியூர் உடனே குறுக்கிட்டார். நகர நிர்வாகியிடம் கேட்டுவிட்டோம், நம்பத்தகுந்த புகார் எதுவும் இல்லை என்கிறார் என்றார். டிரம்ப் விடவில்லை. தொலைக்காட்சியில் ஆட்கள் சொல்வதை நான் பார்த்தேன் என்று பதில் சொன்னார்.

அந்தப் பதிலில் கொஞ்சம் நிற்க வேண்டும். பொய்க்கு அவர் காட்டிய சாட்சி தொலைக்காட்சி. அதை நாடு முழுக்கக் கொண்டுபோனதும் தொலைக்காட்சி. புரளியின் வேரைத் தோண்டினால் கிடைத்தது ஒரு ஃபேஸ்புக் பதிவு: பக்கத்து வீட்டுக்காரரின் மகளுடைய தோழிக்குப் பூனை காணாமல் போனதாம். எழுதிய பெண்ணே பிறகு வருந்தினார்.

விவாதம் முடிந்து இரண்டாம் நாளே ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தது. நகர அலுவலகம் காலியானது. பள்ளிப் பிள்ளைகளை அவசர அவசரமாக வெளியேற்றினார்கள். சில நாட்களில் மிரட்டல்கள் 33ஐத் தொட்டன. எல்லாமே வெறும் மிரட்டல் என்று அறிவித்தவர் டிரம்ப்பின் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் மைக் டிவைன். மாநிலக் காவலர்கள் தினமும் காலையில் பள்ளிகளைச் சோதித்த பிறகே பிள்ளைகள் உள்ளே போனார்கள். ஹைதி மக்களில் பெரும்பாலோர் சட்டப்படி தங்கியிருந்தவர்கள்; தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் வேலை பார்த்தவர்கள். விவாத மேடையில் அவர்கள் பக்கம் பேச அவர்களில் ஒருவரும் இல்லை.

அதே செப்டம்பர் 10 அன்று, அதே ஊரின் நகர மன்றக் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து பேசினார். அதற்கு முந்தைய ஆண்டு, ஹைதிக்காரர் ஓட்டிய வேன் பள்ளிப் பேருந்தில் மோதியதில் 11 வயது மகனைப் பறிகொடுத்தவர். என் பிள்ளையின் சாவை வெறுப்புக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று அரசியல்வாதிகளைக் கேட்டுக்கொண்டார். அந்தக் குரலையும் செய்திகள் சொல்லத்தான் செய்தன. ஆனால் பூனைக் கதை பரவிய வேகம் அதற்கு வாய்க்கவில்லை.

அப்படியானால் அதிபர் வேட்பாளர் பேசியதை மறைத்துவிடலாமா? கூடாது. நாளை ஆளப்போகிறவர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்ள வாக்காளருக்கு உரிமை உண்டு. 2009 அக்டோபரில் பிபிசி சொன்ன நியாயமும் ஏறக்குறைய இதுதான். குடியேறிகளை எதிர்த்த பிரிட்டிஷ் தேசியக் கட்சி அந்த ஆண்டு ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் ஒன்பது லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கியிருந்தது. அதன் தலைவர் நிக் கிரிஃபினைக் ‘கொஸ்டின் டைம்’ நிகழ்ச்சிக்கு அழைத்தபோது அரங்குக்கு வெளியே பெரும் போராட்டம் நடந்தது. தடை போடுவது நாடாளுமன்றத்தின் வேலை, எங்கள் வேலையல்ல என்றார் பிபிசி தலைமை இயக்குநர் மார்க் தாம்சன். ஆனால் அந்த மேசையைக் கவனியுங்கள். கிரிஃபினுக்குப் பக்கத்திலேயே கறுப்பின எழுத்தாளர் போனி கிரீர். இன்னொரு இருக்கையில் பாகிஸ்தானியக் குடும்பத்தில் பிறந்த சயீதா வார்ஸி. யாரைப் பற்றிப் பேச்சோ அவர்கள் எதிரில் இருந்தார்கள். நிகழ்ச்சியும் முன்கூட்டியே பதிவானது. மறு ஆண்டுப் பொதுத் தேர்தலில் அந்தக் கட்சிக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. அதற்கு அந்த ஒரு இரவே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

இன்னார் இப்படிப் பேசினார், அது பொய், அதனால் இன்ன கேடு நேர்ந்தது என்று எழுதுவது செய்தி. அவர் பேசப் பேச அப்படியே நேரலையில் ஓடவிடுவது அவருக்குச் செய்யும் பிரசாரம். நேரலையில் பொய் முதலில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. திருத்தம் பின்னால் ஓடுகிறது. மியூர் சில நொடிகளில் திருத்தியும் பள்ளிகளைக் காலி செய்ய வேண்டித்தான் இருந்தது.

நியூஸிலாந்து வேறு வழி கண்டது. 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன், அதை ஃபேஸ்புக்கில் நேரலை செய்தான். குடியேறிகளுக்கு எதிரான அறிக்கையும் வெளியிட்டிருந்தான். நாட்டின் ஐந்து பெரிய செய்தி நிறுவனங்கள் கூடிப் பேசின. வழக்கை முழுமையாகத் தருவோம், அவன் கொள்கையைப் பரப்பும் பேச்சையும் சைகையையும் தரமாட்டோம் என்று முடிவெடுத்தன. 2020 ஆகஸ்டில் தண்டனை விசாரணை நான்கு நாள் நடந்தது. உயிர் பிழைத்தவர்களும் உறவுகளை இழந்தவர்களுமாகச் சுமார் 90 பேர் நீதிமன்றத்தில் தங்கள் துயரத்தைச் சொன்னார்கள். அந்த நாட்களில் செய்திகளில் நிறைந்திருந்தது அவர்களுடைய பேச்சுதான்.