இகுவானா வளர்ப்பு: எவ்வினம் ஏற்றது?

ஹைதராபாத் நகரின் வடமேற்கில் பாலாநகர் என்னும் தொழிற்பகுதி உள்ளது. இத்தகைய நெருக்கமான குடியிருப்பில் வாழும் மாணவன் ஒருவன், இகுவானா வளர்க்க எந்த இனம் ஏற்றது என ஆசிரியரைக் கேட்கக்கூடும். அமெரிக்கக் கண்டங்களுக்குரிய இப்பெரிய ஓந்திகள் இன்று நம் நாட்டிலும் விற்பனைக்கு வருகின்றன. ஆதலின் இக்கேள்விக்கு விடை அறிந்திருத்தல் நலம்.

பச்சை இகுவானாவின் குஞ்சு ஒரு சாண் நீளமே உடையது. ஆனால் சில ஆண்டுகளில் அது வாலுடன் 1.5 மீட்டரை எட்டும். நன்கு பேணினால் 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். இது மரவாழ்வி, ஆதலால் ஏறுதற்கு உயரமான கூண்டு வேண்டும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் சினங்கொண்டு கடிப்பதும், வாலால் அடிப்பதும் உண்டு. ஹிஸ்பானியோலா தீவின் காண்டாமிருக இகுவானா நீளத்திற் குறைந்ததாயினும் உடல் பருத்தது. தரையில் வளை தோண்டி வாழ்வது. இதற்கு அகன்ற நிலப்பரப்பு தேவை. முள்வால் இகுவானாவோ மணிக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவல்லது. எளிதிற் கைக்கு அடங்காது.

மூன்றிற்கும் பொதுவான தேவை வெப்பமும் புற ஊதாக் கதிர்களுமாகும். வெயில்காயும் இடத்தில் 35 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பம் வேண்டும். ஹைதராபாத்தின் குளிர்கால இரவுகளில் வெப்பம் 15 டிகிரி அளவிற்கு இறங்குவதுண்டு. அப்போது உண்ட இலை செரிப்பதில்லை. சன்னற் கண்ணாடி வழியே வரும் வெயிலும் போதாது. வேண்டிய கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. அக்கதிர்களின்றேல் உடல் சுண்ணாம்புச் சத்தை ஏற்காது. எலும்பு மென்மையுற்று வளையும். பச்சை இகுவானாவிற்கு முருங்கைக்கீரை, செம்பருத்தி இலை முதலியன நல்லுணவு. இறைச்சி சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

களப்பணியாளர் சட்டநிலையையும் அறிதல் வேண்டும். இகுவானாக்கள் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் பட்டியல்களில் இடம்பெற்றவை. காண்டாமிருக இகுவானா மிகக் கடுமையான முதற் பட்டியலில் உள்ளது. 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமும் 2024ஆம் ஆண்டின் விதிகளும் இத்தகைய உயிரினங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்யவேண்டும் என விதிக்கின்றன. நம் நாட்டு உடும்போ வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் காக்கப்படுவது. அதனைப் பிடித்தலும் வளர்த்தலும் குற்றம். இரண்டையும் பிரித்தறிதல் எளிது. பாம்பினைப்போல் பிளந்த நீண்ட நாக்கு உடும்பிற்கு உண்டு. பிடரியிலும் முதுகிலும் முள் வரிசை இராது. இகுவானாவிற்கு முள் வரிசையும் தொங்கும் தாடையும் உண்டு, நாக்கு தடித்தது.

வளர்க்க இயலாதபோது இதனை வெளியே விட்டுவிடுதல் பெருந்தவறு. புளோரிடாவிலும் புவேர்ட்டோ ரிக்கோவிலும் அவ்வாறு பரவிய பச்சை இகுவானாக்கள் பயிருக்கும் கரைகளுக்கும் தீங்காயின.

ஆகவே, சிறு வீட்டில் வாழும் மாணவனுக்கு இம்மூன்றில் எதுவும் ஏற்றதன்று என்பதே நேர்மையான விடை. அவனது ஆர்வத்தை மட்டும் அணைத்துவிடலாகாது. பள்ளி வேலியில் வெயில்காயும் ஓணானைத் தொடாது நோக்கி, அது நிறம் மாறும் நேரத்தையும் உண்ணும் பூச்சியையும் நாள்தோறும் குறித்துவரச் செய்யலாம். கூண்டில்லாத அப்பாடத்திற் கற்பதற்கு நிரம்ப உண்டு.